செகண்ட் லைன் பீச்சும் மெர்மெய்ட் அவென்யூவும்: கரையின் நினைவைக் காப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் கடலைத் தேடுவார்கள். முன்னால் ராஜாஜி சாலை, பின்னால் துறைமுகத்தின் மதில், மதிலை ஒட்டிக் கன்டெய்னர் லாரிகள். கடல் கண்ணில் படாது. ராஜாஜி சாலைக்கு முந்தைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். அதற்குப் பின்னால் இருக்கும் தெருவைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் செகண்ட் லைன் பீச் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே கரை இருந்தது, ஜனங்கள் காற்று வாங்கினார்கள் என்பதற்கு இப்போது மிஞ்சியிருக்கும் சாட்சி இந்தப் பெயர்கள்தான்.

காரணம் துறைமுகம். 1876இல் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதைப் புரட்டிப் போட்டது, மறுபடி கட்டினார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் வரவேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. அடுத்த நூறு வருஷத்தில் ராயபுரம் பக்கம் ஏறக்குறைய 500 மீட்டர் கரை கடலுக்குள் போனது. ஊரே பெருமைப்படும் மெரினா மணலில் எங்கள் பங்கும் கிடக்கிறது.

நான் ராயபுரம் கல்மண்டபத்துக்காரி. என்னோடு மூன்று பேர்: பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட் ஒருவர், கானா பாடும் தம்பி ஒருவன், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். இரண்டு வருஷமாக நாங்கள் வடசென்னைக் கரையோரத்தின் பொழுதுபோக்குகளைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்துவருகிறோம். ராட்டினம், மரணக்கிணறு, குத்துச்சண்டை, கரைவலை இழுக்கும்போது கூடும் கூட்டம், டெண்ட்டு சினிமா, தியேட்டர் எல்லாம் அதில் அடக்கம். தொடங்கும்போது எங்களுக்கு ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது. தேடியதில் மனசுக்கு நெருக்கமாக வந்து நின்றது நியூயார்க்கின் கோனி ஐலண்ட். அங்கே கலைஞர்களும் கதை சொல்கிறவர்களும் என்ன செய்தார்கள், எது நின்றது, எது வழுக்கியது, எங்கள் ஊரில் எது ஒட்டியது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எரிந்து எரிந்து எழுந்த கரை

கோனி ஐலண்ட் புரூக்ளினின் தெற்கு ஓரம். ஒரு காலத்தில் தனித் தீவு. இடையில் இருந்த ஓடையைத் தூர்த்தபின் நிலத்தோடு சேர்ந்துவிட்டது. தீவு என்பது பெயரில் மட்டும். 1897இல் ஜார்ஜ் டில்யூ என்பவர் ஸ்டீபிள்சேஸ் பார்க் திறந்தார். தண்டவாளத்தில் மரக்குதிரைகள் பந்தயம் ஓடும். 1903இல் லூனா பார்க், 1904இல் டிரீம்லேண்ட். இரவில் லட்சக்கணக்கான மின்விளக்குகள் எரியும் ஊரை மின்சாரமே இல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் பார்த்தார்கள். 1920இல் சுரங்க ரயில் கடற்கரை வரை வந்தது. ஐந்து சென்ட் டிக்கெட்டில் தையல் தொழிலாளியும் கப்பல் கூலியும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். உழைக்கிற ஜனங்களின் கரையாக அது ஆனது இந்த ஐந்து சென்ட்டால்தான்.

தீ அந்த ஊரை விடவே இல்லை. 1907இல் ஸ்டீபிள்சேஸ் எரிந்தது. மறுநாளே டில்யூ, எரிந்த இடத்தைப் பார்க்கப் பத்து சென்ட் என்று பலகை வைத்தார். 1911 மே மாதம் டிரீம்லேண்ட் முழுக்கச் சாம்பலானது, திரும்ப எழவே இல்லை. லூனா பார்க்கும் 1944இல் எரிந்து அடுத்த சில வருஷத்தில் முடிந்துபோனது. ஸ்டீபிள்சேஸ் மட்டும் 1964 வரை தாக்குப்பிடித்தது. அதை வாங்கிய ஃபிரெட் டிரம்ப் 1966இல் இடிப்பதற்கு முன்னால் விருந்து வைத்து, வந்தவர்கள் கையில் செங்கல்லைக் கொடுத்துக் கண்ணாடி முகப்பின் மேல் எறியச் சொன்னார். அந்த இடத்தின் அடையாளமே பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு முகம். அதன் மேல் கல் எறியச் சொன்ன அந்த விருந்தைப் பற்றிப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதைப் படிக்கும்போது நம் ஊர்த் தீக்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா? பார்க் டவுனில் ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க் வடக்கு மதராஸ் ஜனங்களின் உல்லாச இடம். குளங்கள், மிருகக்காட்சி சாலை, வருஷக் கடைசியில் சந்தை. 1886 டிசம்பர் 31 அன்று அந்தச் சந்தையில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதே பூங்கா நிலத்தில் எழுந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. மிருகங்களும் அதே 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டன. இன்று அங்கே ரயில்வே கட்டடங்களும் நேரு ஸ்டேடியமும். 1886இல் செத்தவர்களுக்கு அந்த வழியாகத் தினமும் போகிற எங்களில் யாரும் ஒரு நிமிஷம் நின்றதில்லை. தெரிந்தால்தானே நிற்பதற்கு.

கலைஞர்கள் வந்து செய்தது

1970களின் கடைசியில் கோனி ஐலண்ட் பாதி காலி மனை. அப்போது டிக் ஜிகுன் என்ற நாடகக்காரர் அங்கே வந்து சேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். 1980இல் கோனி ஐலண்ட் யு.எஸ்.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கினார். 1983இல் முதல் மெர்மெய்ட் பரேட், அதாவது கடற்கன்னி ஊர்வலம். ஜூன் மாதம், கோடை தொடங்கும் சமயத்தில், ஜனங்கள் தாங்களே தைத்த கடற்கன்னி வேஷத்தோடு தெருவில் நடக்கிறார்கள்.

அந்த ஊரில் மெர்மெய்ட் அவென்யூ, நெப்டியூன் அவென்யூ என்று தெருக்கள் உண்டு. கடற்கன்னி தெரு, கடலரசன் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது வெறும் முகவரி. அந்தப் பெயர்களுக்கு உடம்பு கொடுக்க வேண்டும் என்பதே ஊர்வலத்தின் எண்ணங்களில் ஒன்று. இந்த இடத்தைப் படித்தபோதுதான் செகண்ட் லைன் பீச் எனக்குள் தட்டியது. எங்களிடமும் பெயர்கள் காத்துக்கொண்டு நிற்கின்றன.

ஜிகுன் குழு சைட்ஷோவையும் உயிரோடு வைத்தது: வாள் விழுங்குவது, நெருப்புத் தின்பது, ஆணியை மூக்கில் ஏற்றுவது. அதற்குப் பள்ளிக்கூடமே நடத்துகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாளை வைத்து எழுதி ஒட்டுவது ஒரு வகைக் காப்பு. அதை விழுங்கும் தொண்டையை அடுத்த தலைமுறைக்குப் பழக்குவது வேறு வகை. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எங்கள் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் வாத்தியார்கள் செய்துவந்ததும் இதுதான். கால் எங்கே வைக்கணும், தோள் எப்போது திரும்பணும் என்பதை அவர்கள் பையன்களின் உடம்பில் எழுதிவைத்தார்கள்.

2004இல் இரண்டு காரியம் நடந்தது. ஸ்டீவ் பவர்ஸ் என்ற ஓவியர் கிரியேட்டிவ் டைம் அமைப்போடு சேர்ந்து, டிரீம்லேண்ட் ஆர்டிஸ்ட் கிளப் என்ற பெயரில் ஓவியர்களைத் திரட்டி, கடைக்காரர்களின் பெயர்ப்பலகைகளைக் கையால் எழுதிக் கொடுத்தார். பலகை கடையில் தொங்கும், வியாபாரத்துக்கும் உதவும். இன்னொன்று கோனி ஐலண்ட் ஹிஸ்டரி ப்ராஜெக்ட். அங்கேயே வளர்ந்த சார்லஸ் டென்சன் அதன் இயக்குநர். வொண்டர் வீல் என்ற ராட்சத ராட்டினத்துக்குப் பக்கத்தில் சின்ன இடம், நுழைவுக் கட்டணம் இல்லை. வருகிறவர்கள் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லலாம். ரஷ்ய மொழியிலும் சீன மொழியிலும் ஸ்பானிஷிலும்கூடப் பதிவு செய்கிறார்கள், ஏனென்றால் இப்போது அங்கே வாழ்கிறவர்களின் வாயில் அந்த மொழிகள்தான் இருக்கின்றன.

வாய்மொழிக் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1903 முதல் 1943 வரை கோனி ஐலண்டில் டாக்டர் மார்ட்டின் கூனி என்பவர் ஒரு கொட்டகை வைத்திருந்தார். உள்ளே குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், சூடான கண்ணாடிப் பெட்டியில். அன்றைய ஆஸ்பத்திரிகள் பிழைக்காது என்று கைவிட்ட குழந்தைகள். பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் டிக்கெட் காசில்தான் நர்ஸ் சம்பளம், பால் எல்லாம். பெற்றவர்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. அப்படிப் பிழைத்தவர்களில் சிலர் கிழவியாகிக் கிழவராகித் தங்கள் வாயால் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கேளிக்கைக் கொட்டகைக்குள் ஒரு ஆஸ்பத்திரி ஒளிந்திருந்ததை நினைத்துப் பாருங்கள். நம் பொருட்காட்சிக் கடைகளுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ என்ற ஆசையே எங்களை வேலைக்கு அனுப்பியது.

சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1920இல் சுழலத் தொடங்கிய வொண்டர் வீல் 150 அடி உயரம். அதை 1983இல் வாங்கிய டீனோஸ் வூர்டெரிஸ் கிரேக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கடற்கரையில் ஹாட் டாக் விற்றவர். கல்யாணம் செய்துகொண்டால் இந்தச் சக்கரத்தையே வாங்கித் தருகிறேன் என்று மனைவியிடம் சொன்ன வாக்கைப் பல வருஷம் கழித்துக் காப்பாற்றினார். இன்றும் அவர் குடும்பம்தான் நடத்துகிறது. 1988இல் சைக்ளோன் ரோலர் கோஸ்டருக்கும் 1989இல் இந்தச் சக்கரத்துக்கும் நகரப் பாதுகாப்புச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. சட்டம் இரும்பைக் காத்தது. அந்தக் கல்யாணக் கதையை ஜனங்கள் காத்தார்கள்.

வழுக்கிய இடங்கள்

எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. தண்டர்போல்ட் என்ற பழைய ரோலர் கோஸ்டரை 2000 நவம்பரில் நகர நிர்வாகமே இடித்தது. ஆஸ்ட்ரோலேண்ட் பூங்கா 2008இல் மூடியது. 2009இல் நில வகைப்பாடு மாறி உயரக் கட்டடங்களுக்கு வழி திறந்தது. ஊர்வலத்துக்குக் கூட்டம் பெருகப் பெருக மனை விலையும் பெருகியது. கலைஞர்கள் ஊருக்கு உயிர் கொடுக்க, அந்த உயிரை விளம்பரமாக்கி நிலம் விற்க இன்னொருவர் வருகிறார். நினைவுப் பணி செய்கிற எவரும் இந்த ஆபத்தை முதல் நாளே யோசிக்க வேண்டும்.

இன்னொன்று எனக்கு வலித்தது. லூனா பார்க்கில் 1905இல் பிலிப்பைன்ஸின் இகொரோட் மக்களைக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாகக் காட்டினார்கள். பழைய கேளிக்கையைக் கொண்டாடும்போது யாருடைய உடம்பு அங்கே காட்சிப் பொருளாக இருந்தது என்றும் கேட்டாக வேண்டும். நம் பொருட்காட்சிகளிலும் குள்ளமான மனிதர்களையும் ஊனமுற்றவர்களையும் காட்டிக் காசு வாங்கிய கொட்டகைகள் இருந்தன. எங்கள் பதிவில் அதைப் பற்றி ஒருவர் சொன்னபோது பேச்சை மாற்றத்தான் முதலில் தோன்றியது. மாற்றவில்லை. முழுக்கக் கேட்டோம்.

காசிமேட்டில் ஒரு பாய்

எங்களுக்கு வொண்டர் வீல் மாதிரி நிமிர்ந்து நிற்கும் எதுவும் இல்லை. நிலமே இல்லை. ஆகவே ஹிஸ்டரி ப்ராஜெக்டிலிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்: ஒரே இடம், ஒரே நேரம், காசு கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மீன்பிடித் துறைமுகப் போலீஸ் ஸ்டேஷனின் எண்ணால் என்-4 பீச் என்று பையன்கள் கூப்பிடும் இடத்தில் ஒரு பாய், இரண்டு நாற்காலி, ஒரு செல்போன். முதல் மூன்று மாதம் யாரும் உட்காரவில்லை. நாலாவது மாதம் கூடையோடு போன ஒரு ஆயா நின்றார். ஜீவரத்தினம் நகர்க்காரர், மீன் விற்கிறவர்.

"இன்னாமா போனை வச்சிக்கினு குந்திக்கிறீங்க?"

"பழைய காலத்துல இங்க என்ன இருந்துச்சுன்னு கேக்கறோம் ஆயா."

"இங்கயா? நீ குந்திக்கிற எடத்துல இருந்து தோ, அந்தப் படகு தெரியுது பாரு, அதுவரைக்கும் மணலு. எங்க நைனா கரவல இஸ்துக்கினு நிப்பாரு. அவுரு பின்னால முப்பது பேரு. எங்களுக்கு அதான் சினிமா, அதான் பொருட்காட்சி."

அந்த ஒரு பேச்சில் எங்கள் வேலையின் திசை மாறியது. கரைவலை இழுக்கக் கரை அகலமாக இருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தே இழுப்பார்கள். எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள், கடைசி ஆள் எந்தக் கோயில் பக்கம் நின்றார் என்று கேட்டால் அந்த வருஷத்தில் கரை எவ்வளவு இருந்தது என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். டீச்சர் ஒரு நீளக் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஒவ்வொருவர் சொன்னதையும் அளந்தார். இப்போது அந்தக் கயிறு எங்கள் வரைபடம். பவர்குப்பத்துத் தாத்தா ஒருவரின் முடிச்சு பாறைச் சுவரைத் தாண்டி, அலைக்குள்ளே போய் விழுகிறது.

ராட்டினக்காரர் ஒருவர் கிடைத்தார். நாலு மரப்பெட்டி, நடுவில் ஒரு அச்சு, கையாலும் காலாலும் தள்ளிச் சுற்றும் தொட்டில் ராட்டினம். மாசி மகத்துக்குத் திருவொற்றியூர், ஆடியில் ஒவ்வொரு அம்மன் கோயிலாக, தைப் பொங்கலுக்குத் தீவுத்திடல். கல்மண்டபத்திலிருந்து தீவுத்திடலுக்கு அவர் வண்டியைக் கோட்டை வழியாக இழுத்துப்போவாராம். அச்சுக்கு விளக்கெண்ணெய் போடுவது, நாலு பெட்டியிலும் எடை சமமாக இருக்கக் குண்டுப் பையனுக்கு எதிரே அக்காவையும் தம்பியையும் சேர்த்து உட்காரவைப்பது, அழுகிற குழந்தை மேலே போனதும் நிறுத்தாமல் கீழே வரும்போது நிறுத்துவது. இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

மரணக்கிணறு பற்றியும் நிறையக் கிடைத்தது. பலகைகளை நட்டுக் கட்டிய கிணறு. வண்டி சுவரில் ஏறிச் சுற்றும்போது மேலே நிற்கும் கூட்டம் ரூபாய் நோட்டை நீட்டும், ஓட்டுகிறவர் கைப்பிடியை விட்டுவிட்டு நோட்டைப் பறிப்பார். கிணற்றுக்கு நட்டுப் போட்டு இறுக்கும் வேலை பார்த்த ஒருவர், வண்டி சுற்றும் சத்தத்தை வைத்தே எந்தப் பலகை தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பாராம். அந்தச் சத்தத்தை அவர் வாயால் செய்துகாட்டினார். பதிவில் பத்து நொடி. எனக்கு அந்தப் பத்து நொடி போதும்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டதும் துறைமுகப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததும் யாருக்கும் நேரில் நினைவில்லை. ஆனால் கில்லாடி ஆளை எம்டன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1949இல் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவைப் பெரியவர்கள் அரசியலுக்காகவும் நினைக்கிறார்கள், அங்கே விளையாடியதற்காகவும் நினைக்கிறார்கள். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடியதைச் சொல்லும்போது மட்டும் பலருக்குக் குரல் உடைகிறது. கட்டடத்தைவிட இடைவேளையில் யாரோடு டீ குடித்தார்கள் என்பதுதான் அவர்கள் சொல்வது.

தவறுகளும் செய்தோம். முதல் ஆறு பதிவுகளை எழுதும்போது "கீது" என்று அவர்கள் சொன்னதை "இருக்கிறது" என்று திருத்தினேன். தம்பி படித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அவங்க இல்ல, உங்க டீச்சர்" என்றான். கோபம் வந்தது. அப்புறம் பதிவைப் போட்டு மறுபடி கேட்டேன். அவன் சொன்னது சரி. ஆறையும் திரும்ப எழுதினேன். சாவு வீட்டில் செத்தவரின் வாழ்க்கையையே கட்டிப் பாடுகிற மரபில் வந்தவனுக்கு, யாருடைய வாழ்க்கையை யாருடைய வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொரு பெரியவர் பழைய குத்துச்சண்டைக்காரர். ஒரு மணி நேரம் பேசினார். ஒரு வாரம் கழித்து வந்து, "எம் பேரும் வாணாம், கொரலும் வாணாம்பா, வூட்ல சண்ட" என்றார். அழித்துவிட்டோம். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதிவு அது. அன்றிலிருந்து பேசி முடித்த அன்றே சம்மதம் கேட்பதில்லை; பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போய், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுத்தான் வைத்துக்கொள்கிறோம்.

பலகை எழுதுவதை மட்டும் அப்படியே நியூயார்க்கிலிருந்து எடுத்தோம். பிளெக்ஸ் வந்தபின் வேலை இழந்த எங்கள் ஆர்ட்டிஸ்ட், கட்டம் போட்டு முகம் வரையும் பழைய முறையில் கரையோரச் சுண்டல் வண்டிக்கும் மீன் வறுவல் கடைகளுக்கும் பலகை எழுதினார். கடைக்காரரின் பெயரோடு, அவர் அப்பா எந்தக் கரையில் என்ன விற்றார் என்று ஒரு வரி. இதுவரை ஏழு பலகை. வறுவல் கடை அக்கா ஒருவர் ராத்திரி கடையைக் கட்டும்போது மற்றதையெல்லாம் தள்ளுவண்டியில் விட்டுவிட்டுப் பலகையை மட்டும் வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்.

ஊர்வலம் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மாசி மகத்துக்குச் சாமியே கடலுக்கு வருகிறது, மேளம் வருகிறது, ஊர் முழுக்க வருகிறது. அதற்குப் பக்கத்தில் நாங்கள் புதுசாக ஒன்று கண்டுபிடிக்கத் தேவையில்லை. அந்தக் கூட்டத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். குழந்தைகள் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டு, இது யார் முடிச்சு என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

இப்போதைய வேலை ராட்டினம். காசிமேட்டில் உடைத்துப் போட்ட ஒரு படகின் மரம் கிடைத்திருக்கிறது. ராட்டினக்காரப் பெரியவரிடம் பழைய அச்சு பத்திரமாக இருக்கிறது, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். பேரன் மரம் அறுக்கிறான், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அளவு சொல்கிறார். நாலு பெட்டிக்கும் கடலுக்குள் போன நாலு தெருவின் பெயரை எழுதணும் என்பது அவர் போட்ட நிபந்தனை. மூன்று பெயர் சேர்ந்துவிட்டது. நாலாவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயா வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.